விளம்பரத்தில் 500, சாலையில் எவ்வளவு? மின்சார காரின் உண்மையான ரேஞ்சைக் கணக்கிடும் முறை

மின்சார கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஒருமுறை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். கேள்வி நியாயமானது, ஆனால் அதற்கு ஒரே ஓர் எண்ணை விடையாகச் சொல்பவர் பாதி விடையைத்தான் சொல்கிறார். பேட்டரியிலிருந்து எடுத்துச் செலவழிக்கக்கூடிய மின்சாரத்தை, கிலோமீட்டருக்கு ஆகும் செலவால் வகுத்தால் கிடைக்கும் ஈவுதான் ரேஞ்ச். வகுபடும் எண் ஏறத்தாழ நிலையானது. வகுக்கும் எண்ணோ வேகம், வெயில், குளிர், எதிர்க்காற்று, ஏற்றம், டயர் ஆகியவற்றைப் பொறுத்து, ஒரே காரில் ஒரே நாளுக்குள் இரு மடங்காகக்கூட மாறும். ஆகவே விளம்பர எண் உண்மையா பொய்யா என்று வாதிடுவதைவிட, நம்முடைய வகுக்கும் எண் எது என்று கண்டுபிடிப்பதே பயனுள்ள வேலை. அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல்லை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். பேட்டரியின் கொள்ளளவைக் குறிக்கும் கிலோவாட்-மணியும், மின்கட்டணக் கணக்கில் வரும் யூனிட்டும் ஒன்றே. 60 கிலோவாட்-மணி பேட்டரி என்றால் 60 யூனிட் கொள்ளும் பேட்டரி. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் செலவாகிறது என்றால், 60-ஐ 15-ஆல் வகுத்து நூறால் பெருக்க, 400 கிலோமீட்டர். கணக்கு இவ்வளவுதான், அந்த 15 என்ற எண் உங்கள் சாலையில், உங்கள் காலடியில் எவ்வளவாக மாறும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

விளம்பர எண் எங்கிருந்து வருகிறது

நிறுவனங்கள் இந்த எண்ணைத் தம் விருப்பத்துக்கு அச்சடித்துவிட முடியாது. ஆய்வுக்கூடத்தில் காரின் சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழல்கின்றன; சாலையும் காற்றும் தரும் எதிர்ப்புக்கு ஈடான சுமையை அந்த உருளைகள் தருகின்றன; ஓட்டுபவர் திரையில் நகரும் வேகக் கோட்டைப் பிசகாமல் பின்தொடர்கிறார். சோதனை நேர்மையானதுதான். ஆனால் அந்த வேகக் கோட்டை வரைந்தது யார், எந்த நாட்டின் சாலையை மனத்தில் வைத்து வரைந்தார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே காருக்கு 400-உம் வரும், 560-உம் வரும்.

இப்படி வரைந்த வேகக் கோட்டைச் சோதனைச் சுழற்சி என்பார்கள். ஐரோப்பாவில் நெடுங்காலம் நடப்பில் இருந்த என்இடிசி சுழற்சி 20 நிமிடம், 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர். அதற்குப் பதிலாக 2017 செப்டம்பர் முதல் வந்த டபிள்யூஎல்டிபி சுழற்சி 30 நிமிடம், 23 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், சராசரி 46.5, உச்ச வேகம் 131. சீனாவின் சிஎல்டிசி சுழற்சியும் 30 நிமிடம்தான். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் கார் கடப்பது 14.5 கிலோமீட்டர் மட்டுமே, சராசரி 29. இந்தியாவின் எம்ஐடிசி-யில் உச்ச வேகமே 90. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏ-யின் முறை சற்று வேறுபட்டது: நகர ஓட்டம், நெடுஞ்சாலை ஓட்டம் என்ற இரண்டையும் பேட்டரி தீரும்வரை ஓட்டிப் பார்த்து, கிடைத்த தூரத்தை வழக்கமாக 0.7-ஆல் பெருக்கிக் குறைத்துவிடுகிறார்கள். ஏசி, குளிர், வேகமாக ஓட்டும் பழக்கம் ஆகியவை எப்படியும் தின்னப் போவதை முன்கூட்டியே கழித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. கூடுதல் சோதனைகளைச் செய்து காட்டி, 0.7-ஐவிடச் சற்றுத் தாராளமான பெருக்கெண்ணைப் பெறவும் நிறுவனங்களுக்கு வழி உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் காரில் நெடுஞ்சாலை மைலேஜ் கூடுதல், நகர மைலேஜ் குறைவு என்றே நமக்குப் பழகியிருக்கிறது. மின்சார காரில் இது தலைகீழ். நெரிசலில் நிற்கும்போது மோட்டார் மின்சாரம் எடுப்பதில்லை. பிரேக் போடும்போது கொஞ்சம் பேட்டரிக்கே திரும்புகிறது. மெதுவாகப் போகும்போது காற்றின் எதிர்ப்பு மிகக் குறைவு. ஆகவே சராசரி வேகம் குறைந்த சுழற்சி எதுவோ, அது பெரிய எண்ணைத் தரும். சிஎல்டிசி எண் எப்போதும் பெரிதாக இருப்பதன் இரகசியம் இதுதான். டபிள்யூஎல்டிபி-யில்கூட அதிவேகப் பகுதி 30 நிமிடத்தில் ஐந்தரை நிமிடத்துக்கும் குறைவு. மூன்று மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டப் போகிறவருக்கு அந்தச் சோதனை என்ன சொல்லிவிட முடியும்? போதாக்குறைக்கு, சோதனை நடக்கும் அறையின் வெப்பம் 23 டிகிரி. ஏசியும் ஹீட்டரும் அணைந்திருக்கும்.

எனவே விளம்பரத் தாள் கையில் கிடைத்ததும், பெரிய எழுத்திலுள்ள எண்ணை விட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் எந்தச் சோதனையின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு, அந்த எண் எந்த வகைக்கு, எந்தச் சக்கர அளவுக்கு உரியது என்று பாருங்கள். சிறிய சக்கரம் பொருத்திய அடிப்படை வகைக்குக் கிடைத்த எண்ணை எடுப்பாக அச்சிட்டு, பெரிய அலாய் சக்கரம் பொருத்திய காரைப் படமாகப் போடுவது அரிதல்ல. நகரச் சோதனையின் எண்ணை மட்டும் தனியே எடுத்துக் காட்டுவதும் உண்டு.

மூன்றாவதாக, பேட்டரியின் மொத்தக் கொள்ளளவையும் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவையும் பிரித்துக் கேளுங்கள். பேட்டரி சீக்கிரம் பழுதாகாமல் இருக்க மேலும் கீழும் ஒரு பகுதியை நிறுவனமே பூட்டி வைக்கிறது. வோக்ஸ்வாகன் ஐடி.4 காரின் பெரிய பேட்டரி மொத்தம் 82 யூனிட் என்று அறிமுகமானது. ஓட்டுபவருக்குக் கிடைத்தது 77. வகுத்தல் கணக்குக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்தான்.

சோதனையின் பெயரும் கொள்ளளவும் தெரிந்துவிட்டால், காரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே ஒரு தோராயத்துக்கு வரலாம். நான் கையாளும் பெருக்கெண்களைச் சொல்கிறேன். இவை விதியல்ல, பழக்கத்தில் வந்த கணிப்பு. மிதமான வானிலையில் நகரமும் புறநகரும் கலந்த ஓட்டத்துக்கு டபிள்யூஎல்டிபி எண்ணை 0.85-ஆல் பெருக்குவேன், மணிக்கு 110 முதல் 120 வரை தொடர்ந்து ஓட்டும் நெடுஞ்சாலைக்கு 0.7. ஈபிஏ எண்ணைக் கலந்த ஓட்டத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்வேன், வேகமான நெடுஞ்சாலைக்கு 0.85. என்இடிசி, சிஎல்டிசி, எம்ஐடிசி எண்கள் எதுவானாலும் கலந்த ஓட்டத்துக்கே 0.7, நெடுஞ்சாலைக்கு இன்னும் கீழே. 500 என்று பறைசாற்றும் கார் பலருக்கு 350 ஆவது இப்படித்தான்.

நிறுவனம் அச்சிடும் மின்செலவைக் கொண்டு பேட்டரியை வகுத்துப் பார்த்து, "விளம்பர ரேஞ்சோடு ஒத்துப்போகவில்லையே" என்று குழம்புகிறவர்களும் உண்டு. டபிள்யூஎல்டிபி-யில் செலவு அளக்கப்படுவது சுவர் பிளக்கில்; சார்ஜ் ஏறும்போது வெப்பமாகப் போகும் இழப்பும் அதில் சேர்ந்திருக்கும். ஆகவே அந்த வகுத்தல் எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும்.

வேகம்: பேட்டரியை அதிகம் தின்பது

ரேஞ்சைக் குறைக்கும் காரணங்களில் ஓட்டுபவரின் கையில் முழுதாக இருப்பது வேகம் ஒன்றுதான் என்பதால், இதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். காற்றை எதிர்கொள்ளும் அதன் முன்பரப்பு 2.3 சதுர மீட்டர். காற்றுத் தடையின் குணகம் 0.28, டயரின் உருளல் தடைக் குணகம் 0.01. பேட்டரியிலிருந்து சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது 88 விழுக்காடு என்றும், விளக்கு, திரை, பம்பு ஆகியவற்றுக்கு அரை கிலோவாட் என்றும் வைத்துக்கொள்வோம். இவை எல்லாம் இன்றைய நடுத்தரக் கார்களுக்குப் பொருந்தும் எண்களே. சமதளம், காற்று இல்லை, ஏசி இல்லை.

மணிக்கு 60 கிலோமீட்டரில் டயரின் தடை ஏறத்தாழ 177 நியூட்டன், காற்றின் தடை 107. காற்று இன்னும் சாதுவாகவே இருக்கிறது. 100 கிலோமீட்டருக்கு 10 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகச் செலவாகிறது. 90-இல் டயரின் தடை மாறவில்லை, ஆனால் காற்றின் தடை 241 ஆகி டயரை முந்திவிட்டது, செலவு 13.7 யூனிட். 120-இல் காற்று மட்டும் 429, செலவு 19.5 யூனிட். காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக வளர்வதே காரணம். பயன்படுத்தக்கூடிய 60 யூனிட்டை இவற்றால் வகுத்தால் முறையே 610, 440, 310 கிலோமீட்டர் வருகிறது. ஒரே கார், ஒரே சாலை, ஒரே வானிலை. மாறியது வலது கால் மட்டும்.

இதையே 300 கிலோமீட்டர் பயணமாகப் பார்த்தால் இன்னும் தெளியும். 120-இல் போனால் இரண்டரை மணி நேரம்; செலவு 58.5 யூனிட். பேட்டரி துடைத்தாற்போல் காலியாகும் என்பதால் வழியில் சார்ஜ் போட நின்றே ஆக வேண்டும். 100-இல் போனால் மூன்று மணி நேரம், செலவு 46.5 யூனிட், போய்ச் சேரும்போது பேட்டரியில் 22 விழுக்காடு மிச்சம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சார்ஜரைத் தேடி, வரிசையில் நின்று, செயலியில் பணம் கட்டி, மறுபடி சாலைக்கு ஏறுவதற்குள் அந்த அரை மணி நேர லாபம் கரைந்துவிடும். இந்தக் கணக்கு எல்லாப் பயணத்துக்கும் பொருந்தாது. எப்படியும் ஒரு நிறுத்தம் வேண்டியிருக்கும் நீண்ட பயணத்தில், வேகமான சார்ஜர் வழியில் இருந்தால், வேகமாக ஓட்டி நின்று போவதே நேரத்தை மிச்சப்படுத்தக்கூடும். நிறுத்தம் தேவையா இல்லையா என்ற விளிம்பில் இருக்கும் பயணங்களில்தான் வேகத்தைக் குறைப்பது அள்ளிக் கொடுக்கிறது.

எதிர்க்காற்றை ஓட்டுநர்கள் மறந்துவிடுகிறார்கள். 100-இல் போகும்போது எதிரே மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், காரைப் பொறுத்தவரை அது 120-இன் காற்று. மேற்சொன்ன கணக்கில் செலவு 15.5-லிருந்து 19.6-க்குத் தாவுகிறது. வேகமானியில் 100 என்று காட்டிக்கொண்டே 120-க்கான விலையைக் கொடுக்கிறோம். ஒரே சாலையில் போகும்போது ஒரு ரேஞ்சும் திரும்பும்போது வேறொரு ரேஞ்சும் கிடைத்தால், காரைச் சந்தேகிப்பதற்கு முன் மரக்கிளைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள்.

குளிரும் வெப்பமும்

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, 2019-இல் ஐந்து மின்சார கார்களைச் சோதித்து வெளியிட்ட முடிவுகள் இந்த விஷயத்தை நன்றாக விளக்குகின்றன. மைனஸ் 7 டிகிரியில், ஹீட்டர் போட்டு ஓட்டியபோது ரேஞ்ச் சராசரியாக 41 விழுக்காடு குறைந்தது. அதே குளிரில் ஹீட்டர் போடாமல் ஓட்டியபோது குறைந்தது 12 மட்டுமே. 35 டிகிரி வெப்பத்தில் ஏசியோடு 17 விழுக்காடு, ஏசி இல்லாமல் 4. அதாவது குளிரோ வெப்பமோ பேட்டரியைத் தாக்குவதைவிட, காருக்குள் உட்கார்ந்திருக்கும் நம்மை இதமாக வைத்திருக்கத்தான் மின்சாரம் அதிகம் போகிறது. பெட்ரோல் எஞ்சின் வீணாக்கும் வெப்பமே ஹீட்டருக்குப் போதும். மின்மோட்டார் அவ்வளவு வீணாக்குவதில்லை என்பதால், இங்கே கதகதப்பையும் பேட்டரிதான் தர வேண்டியிருக்கிறது. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே தரும் வெப்பப் பம்பு உள்ள கார்களில் இந்தச் சுமை கணிசமாகக் குறையும். குளிர்ப் பகுதியில் வாழ்பவர் வாங்கும்போதே அது இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

ஏசியின் செலவைக் கிலோமீட்டர் கணக்கில் நினைப்பது தவறு. அது நேரத்தின் கணக்கு. காரின் உள்ளே குளிர்ந்து நிலைப்பட்ட பின் ஏசி ஒன்றரை கிலோவாட் எடுக்கிறது என்று கொள்வோம். 100-இல் போகும் காருக்கு அது 100 கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட்; பெரிதாக வலிக்காது. நெரிசலில் 20-இல் ஊரும் காருக்கோ அதே ஏசி 100 கிலோமீட்டருக்கு ஏழரை யூனிட். மோட்டாரின் செலவுக்கு அருகில் போய்விடுகிறது. "நகரத்தில்தான் மின்சார காருக்கு ரேஞ்ச் கூடுதல் என்றார்களே, எனக்கு மட்டும் ஏன் குறைகிறது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பொறியில் மாட்டியவர்கள்தான். காலை முதல் வெயிலில் நின்று கொதித்த காரில் முதல் பத்து நிமிடம் செலவு இன்னும் கூடும். பத்துப் பத்துக் கிலோமீட்டராக நாலு தடவை போய்வருபவருக்கு, ஒரே ஓட்டமாக நாற்பது போகிறவரைவிட ரேஞ்ச் குறைவதும் இதனால்தான்.

செய்ய வேண்டியது எளிது: கிளம்புவதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்பே, சார்ஜர் மாட்டியிருக்கும்போதே, செயலி வழியாக ஏசியையோ ஹீட்டரையோ போட்டுவிடுங்கள். முதல் குளிர்ச்சிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து போகாமல் சுவரிலிருந்து போகும். குளிர்காலத்தில் இருக்கைச் சூடேற்றி இருந்தால் அதை முதலில் போடுங்கள். முழு அறையையும் சூடாக்கும் ஹீட்டர் சில கிலோவாட் கேட்கும் இடத்தில், இருக்கைக்குச் சில பத்து வாட்டுகள் போதும்.

குளிர் ரேஞ்ச் என்பது சட்டச் சிக்கலாகவும் ஆகியிருக்கிறது. குளிரில் ரேஞ்ச் எவ்வளவு குறையும் என்பதைச் சொல்லாமல் விளம்பரம் செய்ததற்காக, 2023 ஜனவரியில் தென்கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் டெஸ்லாவுக்கு ஏறத்தாழ 285 கோடி வொன் அபராதம் விதித்தது.

ஏற்றம், சுமை, டயர்

நாம் எடுத்துக்கொண்ட 1,800 கிலோ காரை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, தூரம் எவ்வளவானாலும், கூடுதலாக 4.9 யூனிட் வேண்டும். இழப்புகளையும் சேர்த்தால் ஐந்தரை. சமதளத்தில் 40 கிலோமீட்டர் ஓட்டும் செலவு இது. இறங்கும்போது இதில் நல்ல பங்கு திரும்பிவிடும் என்பதால், போய்வரும் மொத்தக் கணக்கில் மலை அவ்வளவு கொடியதல்ல. ஏறி முடிக்கும் இடத்தில் பேட்டரி தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. மலை மேல் இரவு தங்கிச் சார்ஜ் போடுகிறவர் 100 வரை நிரப்பாமல் 85-இல் நிறுத்துவதே புத்திசாலித்தனம். உறைபனிக் குளிரிலும் பேட்டரி இந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ளத் தயங்கும்.

ஆட்களின் சுமை நகரத்தில் கொஞ்சம் உறைக்கும், நெடுஞ்சாலையில் அவ்வளவாக இல்லை. கூரை மேல் கட்டிய பெட்டிதான் நெடுஞ்சாலையில் உண்மையான பகை. டயரில் காற்றழுத்தம் குறைந்தாலும், மழையில் சாலையில் தண்ணீர் நின்றாலும் செலவு கூடும். தேய்ந்த டயரை மாற்றும்போது கடைக்காரர் கையில் இருப்பதை மாட்டிக்கொண்டு வந்தவர்கள், அடுத்த வாரம் "பேட்டரி போச்சோ?" என்று பதறுவதைப் பார்த்திருக்கிறேன், உருளல் தடை குறைந்த டயர் கழன்று, சாதாரண டயர் ஏறியிருக்கும், அவ்வளவே.

டெஸ்ட் டிரைவில் அளப்பது எப்படி

ஷோரூமில் காரில் ஏறியதும் திரையில் தெரியும் கிலோமீட்டர் எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். பல கார்களில் அது, அண்மையில் கார் எப்படி ஓட்டப்பட்டதோ அப்படியே இனியும் ஓடும் என்ற ஊகம். சிலவற்றில் சோதனை எண்ணையே விழுக்காட்டால் பெருக்கிக் காட்டுவார்கள். நான் பார்க்கப் போன ஒரு காரில் பேட்டரி 96 விழுக்காடு, திரையில் 468 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 21 கிலோமீட்டர் போய், அதே சாலையில் திரும்பினேன். ஓடியது 42, பேட்டரி 84 விழுக்காடு, திரையில் 391. ஓடியது 42, கரைந்தது 77. அருகில் இருந்த விற்பனைப் பிரதிநிதி, "முதலில் அப்படித்தான் சார், போகப் போகக் கூடும்" என்றார். நான் நம்பியது திரையில் வேறொரு மூலையில் இருந்த 17.1 என்ற எண்ணை: 100 கிலோமீட்டருக்கு 17.1 யூனிட். 60-ஐ அதனால் வகுத்தால் 350. போகப் போகக் கூடவில்லை. அந்த வேகத்தில் அந்தக் காரின் ரேஞ்ச் அதுதான்.

நீங்களும் இப்படியே செய்யலாம். கிளம்புமுன் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கமாக வைக்கும் வெப்பநிலையில் ஏசியைப் போடுங்கள். விற்பனையாளருக்காகக் கண்ணாடியை இறக்கிவிட்டு வியர்வையோடு ஓட்டத் தேவையில்லை. நீங்கள் நெடுஞ்சாலையில் வழக்கமாகப் போகும் வேகத்தையே பிடியுங்கள். போன வழியிலேயே திரும்பி வாருங்கள். காற்றும் ஏற்ற இறக்கமும் பெருமளவு சமன்படும். மொத்தத்தில் 40 கிலோமீட்டராவது ஓட்டுங்கள், ஏனெனில் முதல் சில கிலோமீட்டர்களில் ஏசியின் ஆரம்பச் செலவு கணக்கைக் கெடுக்கும். பேட்டரி விழுக்காட்டை வைத்து மட்டும் கணக்கிடாதீர்கள். அது முழு எண்ணாகவே மாறுவதால், 12 விழுக்காடு என்பது பதினொன்றரையாகவும் பன்னிரண்டரையாகவும் இருக்கலாம், குறுகிய ஓட்டத்தில் அதுவே பெரிய பிழை. சராசரி மின்செலவைக் குறித்துக்கொள்ளுங்கள். சில கார்கள் அதை ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும்; அப்போது வகுக்காமல் பெருக்க வேண்டும்.

வாங்கிய பின் ஒரு மாதம் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருப்பது பயன் தரும். என்னுடையதில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "காலை 6.10. 31 டிகிரி, ஏசி 24. மூன்று பேர். வேகம் 100–105. 92-லிருந்து 41 விழுக்காடு, 186 கி.மீ., 16.5." இப்படிப் பத்து வரிகள் சேர்ந்தால், நகரத்துக்கு ஓர் எண், நெடுஞ்சாலைக்கு ஓர் எண், மழைக்கும் குளிருக்கும் ஓர் எண் என்று மூன்று வகுக்கும் எண்கள் கையில் இருக்கும். வேறு எவருடைய மதிப்புரையும் பிறகு தேவைப்படாது. வீட்டு மீட்டரில் ஓடும் யூனிட்டை இந்தக் குறிப்பேட்டில் கலக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது பத்து முதல் பதினைந்து விழுக்காடு இழப்பு உண்டு. அது பணக் கணக்குக்கு வேண்டும், தூரக் கணக்குக்கு வேண்டாம்.

பயணத்தைத் திட்டமிடும்போது

முழு ரேஞ்ச் 350 என்று கண்டுபிடித்துவிட்டாலும், 350 கிலோமீட்டருக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும் என்று பொருளல்ல. பேட்டரியைப் பூஜ்யம்வரை யாரும் ஓட்டுவதில்லை. 15 விழுக்காடாவது கையிருப்பு வேண்டும். மேல் பக்கத்தில், விரைவு சார்ஜர்களில் 80 விழுக்காட்டைத் தாண்டியதும் சார்ஜ் ஏறும் வேகம் வெகுவாகத் தளர்ந்துவிடும். கடைசி 20-க்காகக் காத்திருக்கும் நேரத்தில் பாதித் தூரம் போய்விடலாம். ஆகவே வீட்டில் 100 நிரப்பிக் கிளம்பும் முதல் கட்டத்துக்குக் கிடைப்பது 85 விழுக்காடு, அதாவது 297 கிலோமீட்டர். அதன்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் 80-லிருந்து 15 வரை, 65 விழுக்காடு: 227 கிலோமீட்டர். விளம்பரத்தின் 500, நெடும்பயணத்தின் இரண்டாம் கட்டத்தில் 227 ஆகி நிற்கிறது. சார்ஜர்களின் இடைவெளியை வரைபடத்தில் பார்க்கும்போது இந்த எண்ணைத்தான் மனத்தில் வைக்க வேண்டும்.

அன்றாட ஓட்டத்துக்கும் இதே போல ஒரு வரம்பு உண்டு. நிக்கல் கலந்த பேட்டரிகளை நாள்தோறும் 80 விழுக்காட்டோடு நிறுத்தச் சொல்வார்கள். எல்எஃப்பி எனப்படும் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளைப் பல நிறுவனங்கள் வாரம் ஒருமுறையாவது 100 வரை நிரப்பச் சொல்கின்றன. அவற்றின் மின்னழுத்தம் நடுப்பகுதியில் ஏறக்குறைய மாறாமல் இருப்பதால், இடையிடையே முழுதாக நிரப்பினால்தான் விழுக்காடு காட்டும் கணக்கு சரியாக நிற்கும். உங்கள் காரில் எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில், "இன்னும் 140 கிலோமீட்டர் போகும்" என்ற எண்ணைவிட, வழிகாட்டியில் சேருமிடத்தைப் பதிந்தால் தெரியும் "சேரும்போது 18 விழுக்காடு" என்ற எண் நம்பகமானது. நல்ல கார்களில் அது ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கிளம்பும்போது 18 என்றது, முப்பது கிலோமீட்டர் போனதும் 14 என்றால், எங்கோ எதிர்க்காற்று இருக்கிறது அல்லது உங்கள் கால் அழுந்துகிறது. உடனே வேகத்தில் பத்தைக் குறையுங்கள். அடுத்த இருபது கிலோமீட்டரில் அந்த எண் இறங்குவது நிற்கும், பெரும்பாலும் மெல்ல ஏறவும் தொடங்கும். 6 விழுக்காடு வரும்வரை பொறுத்து, கடைசியில் 50-இல் உருட்டிக்கொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல். நிற்கப் போகும் சார்ஜர் பழுதாக இருந்தால் அடுத்தது எத்தனை கிலோமீட்டரில் என்பதையும் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். 15 விழுக்காடு கையிருப்பு அதற்கும் சேர்த்துத்தான்.

பழைய கார் வாங்குபவருக்கு

பேட்டரி தேய்வது உண்மை, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. வாகனத் தரவுகளைத் திரட்டும் ஜியோடாப் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி இழப்பு ஆண்டுக்கு 1.8 விழுக்காடு. எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டருக்குள் கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவோம் என்பது பல நிறுவனங்களின் உத்தரவாதம். வெப்பத்தில் நிரம்பிய நிலையிலேயே கிடந்த கார் சராசரியைவிட வேகமாகத் தேய்ந்திருக்கும்.

விற்பவர் முழுச் சார்ஜில் திரை காட்டும் கிலோமீட்டரைப் படம் பிடித்து அனுப்புவார். அது பேட்டரியின் நலத்தைச் சொல்வதில்லை. போன வாரம் அவர் எவ்வளவு மெதுவாக ஓட்டினார் என்பதைத்தான் சொல்கிறது. அரை நாள் காரைத் தரச் சம்மதிப்பாரானால், 100 விழுக்காட்டில் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 20 விழுக்காடு வரை இடையில் சார்ஜ் போடாமல் ஓட்டுங்கள். 290 கிலோமீட்டர் ஓடி, சராசரிச் செலவு 15.2 என்று காட்டினால், செலவானது 44.1 யூனிட். அது பேட்டரியின் 80 விழுக்காடு என்பதால், 0.8-ஆல் வகுக்க, முழுக் கொள்ளளவு 55.1. புதிதில் 60 இருந்த பேட்டரி இப்போது 92 விழுக்காடு. நடுவே நீண்ட நேரம் காரை நிறுத்தி வைத்து ஏசியை ஓடவிட்டால் சில கார்கள் அந்தச் செலவைச் சராசரியில் சேர்ப்பதில்லை. ஆகவே கிளம்பிய பின் நிறுத்தாமல் ஓட்டி முடித்துவிட்டு, எஞ்சிய 20 விழுக்காட்டோடு விற்பவரின் வாசலுக்குத் திரும்பும்படி வழியை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள்.